நிறமாலையில் ஒரு வழக்கு

குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது, நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் ஒரு கணம் மஞ்சளாகச் சீறிவிட்டுப் பின் பழைய நிறத்தை அடைவதைச் சமையற்கட்டில் நின்றவர் எவரும் கண்டிருப்பர். அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். கடல் உப்பாயினும், பாறை உப்பாயினும், உலகின் எந்த மூலையிலிருந்து கொணர்ந்த உப்பாயினும் அந்நிறம் மாறுவதில்லை. தாமிர உப்புகள் சுடரைப் பச்சையாக்கும். ஸ்ட்ரான்ஷிய உப்புகள் சிவப்பாக்கும். தீபாவளி மத்தாப்பூச் செய்வோர் இவ்வுண்மையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் தனித்தனி நிறம் வாய்த்தது என்று கேட்டிருந்தால், 1913ஆம் ஆண்டுக்கு முன் எவராலும் விடை கூறியிருக்க முடியாது. விடை கிடைத்த பின்னரும், அதை நம்பத் தயங்கியோரை நம்பச் செய்தது, ஒரு விண்மீனின் ஒளியைப் பற்றி எழுந்த சிறியதொரு வழக்கே ஆகும். அவ்வழக்கின் தீர்ப்பு ஓர் எண்ணின் நான்காவது தசம இடத்தில் மறைந்து கிடந்தது. அதன் முற்பகுதியும் பிற்பகுதியும் நம் நாட்டோடு தொடர்புடையவை. ஆதலால் அதனையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் அது பல நிறங்களாகப் பிரிந்து ஒரு பட்டையாக விழும். இதனை நிறமாலை என்கிறோம். ஜெர்மனியின் பவேரியாவில், கண்ணாடி வில்லைகள் செய்வதில் நிகரற்ற கைத்திறம் படைத்திருந்த ஜோசப் ஃபிரௌன்ஹோஃபர் என்பவர், 1814ஆம் ஆண்டில் அந்நிறமாலையைத் தொலைநோக்கியால் உற்று நோக்கினார். தொடர்ச்சியான நிறங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான மெல்லிய கரிய கோடுகள் குறுக்கே ஓடுவதைக் கண்டார். 574 கோடுகளின் இடங்களை வரைந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்டார். மஞ்சள் பகுதியில் இருந்த இரட்டைக் கோட்டுக்கு 'டி' என்பது பெயர். தம் கண்ணாடிகளின் தரத்தைச் சோதிக்க அவருக்கு அக்கோடுகள் நல்ல அடையாளங்களாக உதவின. அவற்றின் காரணம் அவருக்குத் தெரியாது.

காரணத்தின் முதற்பாதியை ஹைடல்பெர்க் நகரத்தில் கிர்க்காஃப், பன்சன் என்னும் இருவரும் 1859, 1860ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தனர். ஒரு தனிமத்தின் ஆவி சூடேறி ஒளிவிடும்போது எந்தெந்த இடங்களில் ஒளிக்கோடுகளைத் தருகிறதோ, அதே இடங்களில்தான், தன் வழியே செல்லும் ஒளியை விழுங்கிக் கரிய கோடுகளையும் உண்டாக்குகிறது. சோடியத்தின் மஞ்சட் கோடுகளும் சூரியனின் 'டி' கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்தன. சூரியனில் சோடியம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் கோம்ட் 1835ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். கால் நூற்றாண்டுக்குள் அக்கூற்று பொய்த்தது.

இவ்விடத்தில் கதை நம் நாட்டுக்கு வருகிறது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இந்தியாவின் குறுக்கே சென்றது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமான குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவர் நார்மன் போக்சன் இருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் செந்நிறக் கொழுந்துகளின் நிறமாலையில் ஒளிக்கோடுகள் தோன்றின. அவை மிகவும் பிரகாசமாக இருந்தமையால், கிரகணம் இல்லாமலே அவற்றைக் காண முடியும் என்று ஜான்சன் எண்ணினார். மறுநாளே அவ்வாறு கண்டும் காட்டினார். இங்கிலாந்தில் இருந்தபடி நார்மன் லாக்கியரும் அக்டோபர் மாதத்தில் இதே முறையைத் தாமாகவே கண்டறிந்தார். இருவருடைய செய்திகளும் பாரிஸ் அறிவியற் கழகத்தில் ஒரே நாளில் படிக்கப்பட்டன. பிரெஞ்சு அரசாங்கம் இருவர் முகத்தையும் பொறித்துப் பதக்கம் வெளியிட்டது.

அக்கோடுகளில் ஒன்று மஞ்சள். முதலில் அதனைச் சோடியத்தின் கோடென்றே பலர் கருதினர். ஆனால் அது 'டி' கோடுகளின் இடத்தில் இல்லை. அவற்றுக்கு மிக அருகே, சற்று விலகி நின்றது. இன்றைய அளவில் சோடியத்தின் கோடுகள் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். புதிய கோடு 5876. குண்டூரில் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று நூல்களில் எழுதிவிடுவது வழக்கம். அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அக்கோட்டைப் பலர் பார்த்தனர். அது பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்குரியது என்ற துணிவுக்கு வந்தவர் லாக்கியர். சூரியனுக்குரிய கிரேக்கப் பெயரிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் பிறந்தது. ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளையே படைத்துவிட்டார் என்று சிலர் எள்ளினர். 1895ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் ராம்சே, யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே கோட்டைக் கண்ட பின்னரே எள்ளல் நின்றது.

இவ்வாறு கோடுகளைக் கொண்டு பொருளை அறியும் வித்தை வளர்ந்தது. எனினும் அது கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது போன்றதே. ரேகை ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்பாரில்லை, கேட்டாலும் சொல்வாரில்லை. கோடுகளின் அமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டென்பதை முதன்முதலாகக் காட்டியவர், ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்தவரும் அல்லர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்த யோஹான் பால்மர், தம் அறுபதாவது வயதில், 1885ஆம் ஆண்டில், ஹைட்ரஜனின் நான்கு கோடுகளை எடுத்துக்கொண்டார். சிவப்பில் ஒன்று, நீலப்பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, ஊதாவில் ஒன்று. 3645.6 ஆங்ஸ்ட்ராம் என்னும் ஓர் எண்ணை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் நான்கு கோடுகளின் அலைநீளங்களும் வந்துவிடுகின்றன. இப்பின்னங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 4/3 என்பதை 16/12 என்றும், 9/8 என்பதை 36/32 என்றும் எழுதினால், மேலே இருப்பவை 3, 4, 5, 6 ஆகிய எண்களின் வர்க்கங்கள். கீழே இருப்பவை அவ்வர்க்கங்களிலிருந்து 4 கழித்தவை. வெறும் முழு எண்கள்! இயற்கை விரல் விட்டு எண்ணுவதுபோல் இருந்தது. ஏன் என்பது மட்டும் பால்மருக்கும் தெரியவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தின் தலைவர் எட்வர்டு பிக்கரிங், தென்வானத்தில் பப்பிஸ் கூட்டத்திலுள்ள சீட்டா என்னும் விண்மீனின் நிறமாலைப் புகைப்படத்தில் வியப்பானதொன்றைக் கண்டார். ஹைட்ரஜனின் பால்மர் கோடுகள் வழக்கம்போல் இருந்தன. அவற்றுக்கு இடையிடையே, ஏறக்குறைய நடுவில், வேறொரு கோட்டு வரிசையும் இருந்தது. பால்மரின் விதியில் முழு எண்களோடு அரை எண்களையும், அதாவது மூன்றரை, நான்கரை என்பனவற்றையும், சேர்த்துக்கொண்டால் இப்புதிய கோடுகள் அழகாகப் பொருந்தின. ஆகவே இவையும் ஹைட்ரஜனின் கோடுகளே. பூமியில் கிட்டாத ஏதோ ஒரு சூழ்நிலையில் ஹைட்ரஜன் இவ்வாறு ஒளிர்கிறது என்ற முடிவுக்கு பிக்கரிங் வந்தார். அக்காலத்தில் எவரும் வேறுவிதமாக எண்ணியிருக்க முடியாது. ஹைட்ரஜனின் விதிக்குப் பொருந்துகிற கோட்டை வேறு யாருடையதென்று சொல்வது?

1912ஆம் ஆண்டில் லண்டனில் ஆல்பிரெட் பவுலர் இம்முடிவுக்கு மேலும் வலுவூட்டினார். இவர் லாக்கியரிடம் பயின்று, அவருக்கு உதவியாளராயிருந்து, பின் அவர் இடத்துக்கு வந்தவர். 1898ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துச் சூரிய கிரகணத்தைக் காண இந்தியாவுக்கும் வந்திருந்தார். நிறமாலைக் கோடுகளை அளப்பதில் அவருக்கு இணையானவர் அன்று மிகச் சிலரே. கண்ணாடிக் குழாயொன்றில் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் கலந்து அடைத்து, வலிய மின்சாரத்தைப் பாய்ச்சி, விண்மீனில் கண்ட கோடுகளைத் தம் ஆராய்ச்சிச்சாலையிலேயே அவர் பெற்றார். 4686 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும் ஒரு வலிய கோடும் அவற்றோடு சேர்ந்து தோன்றியது. ஹைட்ரஜனுக்குரியவை என்று எல்லோரும் கொண்டிருந்த கோடுகள், ஹைட்ரஜன் உள்ள குழாயில் வந்தன. வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றியது. குழாயில் ஹீலியமும் இருந்ததை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

அதே 1912ஆம் ஆண்டில் நீல்ஸ் போர் என்னும் இருபத்தாறு வயது டென்மார்க்கு இளைஞர், மான்செஸ்டரில் ரதர்போர்டிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அணுவின் நடுவில் மிகச் சிறிய கரு ஒன்று உண்டு என்பதையும், அதனைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதையும் ரதர்போர்டு முந்திய ஆண்டில்தான் வெளியிட்டிருந்தார். இந்த அணுவுக்கு ஒரு குறை இருந்தது. சுற்றும் எலக்ட்ரான், அக்காலத்து மின்னியல் விதிகளின்படி, இடைவிடாது ஒளியை வீசிச் சக்தியை இழக்க வேண்டும். விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு கழிவதற்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். அவ்வாறாயின் உலகில் எப்பொருளும் நிலைத்திராது. நாமும் இருக்கிறோம், மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. ஆகவே எங்கோ பிழை உண்டு. பிழை அணுவில் அன்று, விதியில்தான் என்று போர் துணிந்தார்.

கோப்பன்ஹேகனுக்குத் திரும்பிய பின், 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிறமாலை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஹான்சன் என்னும் நண்பர், உமது அணு நிறமாலைக் கோடுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று அவரைக் கேட்டார். போர் அதுவரை அக்கோடுகளைக் கருதிப் பார்த்ததே இல்லை. நண்பர் பால்மரின் விதியைப் பார்க்கச் சொன்னார். பார்த்த கணத்திலேயே எல்லாம் தெளிவாகிவிட்டது என்று போர் பிற்காலத்தில் பலமுறை கூறியதுண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக அச்சிலே கிடந்த ஒரு சிறு சமன்பாடு, அதனைத் தேடாத ஒருவருடைய கண்ணிற்பட்டதும் வேலை செய்தது.

அவர் கண்ட விடையை எளிதாகச் சொல்லலாம். எலக்ட்ரான் அணுவினுள் எந்த நிலையிலும் இருந்துவிட முடியாது. மாடிப்படியில் ஏறுபவன் முதற் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை. அதுபோல எலக்ட்ரானுக்குச் சில சக்திப் படிகளே உண்டு. ஒரு படியில் இருக்கும் வரையில் அது ஒளியை வீசாது. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, இரண்டு படிகளின் சக்தி வேறுபாடு முழுவதும் ஒரே பொட்டலமாக ஒளியாக வெளிப்படும். வேறுபாடு மிகுந்தால் ஒளி நீலத்தையும் ஊதாவையும் நோக்கிச் செல்லும். குறைந்தால் சிவப்பை நோக்கிச் செல்லும். ஒளியானது சக்திப் பொட்டலங்களாக வருவதென்பது பிளாங்க் 1900ஆம் ஆண்டிலும் ஐன்ஸ்டைன் 1905ஆம் ஆண்டிலும் வழிகாட்டிய கருத்து. அதனை அணுவினுள் கொண்டுசென்றது போரின் துணிவு.

ஹைட்ரஜனின் படிகள் ஒரே உயரமுள்ளவை அல்ல. எலக்ட்ரானை அணுவிலிருந்து முற்றிலும் பிரித்தெடுக்க, முதற்படியில் 13.6 எலக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். இரண்டாம் படியில் அதில் நான்கிலொரு பங்கான 3.40, மூன்றாம் படியில் ஒன்பதிலொரு பங்கான 1.51. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் 3.40இலிருந்து 1.51 போக 1.89 எலக்ட்ரான் வோல்ட் ஒளியாக வெளிவருகிறது. அதுவே 6563 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும் சிவப்புக் கோடு. நான்காம் படியிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் நீலப்பச்சைக் கோடு. பால்மரின் வர்க்க எண்களின் மர்மம் இவ்வளவே. அவர் எழுதிய 3, 4, 5, 6 என்பவை எலக்ட்ரான் எந்தப் படியிலிருந்து இறங்குகிறது என்பதன் எண்கள். கழித்த 4 என்பது அது வந்து நிற்கும் இரண்டாம் படியின் வர்க்கம்.

இனி அரை எண்களுக்கு என்ன செய்வது? மூன்றரையாவது படி என்று ஒன்று இருக்க முடியாது. போரின் கொள்கை உண்மையானால், பிக்கரிங் கண்ட கோடுகள் ஹைட்ரஜனுடையவை ஆகா. போர் தயங்கவில்லை. அவை ஹீலியத்தின் கோடுகள் என்று எழுதிவிட்டார். அதிலும் முழு ஹீலியம் அன்று, தன் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றை இழந்து அயனியான ஹீலியம். அதில் எஞ்சி நிற்பது ஓர் எலக்ட்ரானே. ஆகையால் அது ஹைட்ரஜனின் மறுபதிப்பு. ஆனால் கருவின் மின்னேற்றம் இருமடங்கு. அதனால் படிகளின் சக்தி நான்கு மடங்கு. 13.6க்குப் பதிலாக 54.4. நான்காம் படியில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 3.40. இது ஹைட்ரஜனின் இரண்டாம் படியின் அளவேயன்றோ! ஹீலியத்தின் ஆறாம் படி, ஹைட்ரஜனின் மூன்றாம் படிக்குச் சமம். எட்டாம் படி நான்காம் படிக்குச் சமம். ஆகவே ஹீலியத்தின் ஆறிலிருந்து நான்குக்கு இறங்கும் ஒளி, ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டின் மேலேயே சென்று விழுகிறது. ஏழிலிருந்தும் ஒன்பதிலிருந்தும் இறங்கும் ஒளிதான் இடைவெளிகளில் தெரிகிறது. அரை எண்கள் என்று தோன்றியவை, வேறோர் அணுவின் முழு எண்கள். பவுலர் கண்ட 4686ஆம் கோடு நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறங்குவது.

இளைஞர் ஒருவர், தம் கொள்கைக்குப் பொருந்தாத கோடுகளை வேறு தனிமத்தின் தலையில் கட்டுகிறார் என்று நினைப்பது எளிது. ஆனால் ஒரு சோதனையால் இதனைத் தீர்க்கலாம். ஹைட்ரஜன் சிறிதும் இல்லாத தூய ஹீலியத்தில் அக்கோடுகள் வருகின்றனவா? மான்செஸ்டரில் ரதர்போர்டின் ஆராய்ச்சிச்சாலையில் எவன்ஸ் என்பவர் இதனைச் செய்தார். 4686ஆம் கோடு ஒளிர்ந்தது. ஹைட்ரஜனின் கோடுகள் தலைகாட்டவே இல்லை. 1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வந்தது. ஹீலியத்துக்குப் பெயரிட்ட லாக்கியர் 1869ஆம் ஆண்டில் தொடங்கிய இதழ் அது.

பவுலர் எளிதில் இணங்குபவர் அல்லர். அவர் பிடிவாதக்காரரும் அல்லர். தாம் அளந்த அளவுகளை நம்பியவர். அம்மாதமே அதே இதழில் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினார். போரின் கணக்குப்படி ஹீலியத்தின் படிகள் ஹைட்ரஜனின் படிகளுக்குச் சரியாக 4 மடங்காயிருக்க வேண்டும். என் அளவுகளின்படி 4.0016 மடங்காக இருக்கிறதே, இதற்கென்ன பதில்? என் அளவுகளில் அவ்வளவு பிழை இருக்க வழியில்லை. ஆயிரத்தில் அரைப்பங்குக்கும் குறைவான இவ்வேறுபாட்டை வேறு எவரேனும் இருந்தால் விட்டுவிட்டிருப்பர். நல்ல வேளையாகப் பவுலர் விடவில்லை. எதிர்வாதி இவ்வளவு துல்லியமாக அளந்திராவிட்டால் போரின் வாதத்துக்கு வெற்றி இவ்வளவு முழுமையாகக் கிட்டியிராது என்பதே என் கருத்து.

போரின் பதில் அக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. செக்கைச் சுற்றும் மாட்டுக்கு நடுவிலுள்ள உரல் அசையாது நிற்பதுபோல், எலக்ட்ரானுக்கு நடுவே கரு அசையாது நிற்பதாகக் கொண்டு முதற்கணக்கைப் போட்டேன், அது தோராயம். உண்மையில் கருவும் சிறிது அசைகிறது. இரண்டும் தங்கள் பொதுவான எடைமையத்தைச் சுற்றுகின்றன. ஹைட்ரஜன் கரு எலக்ட்ரானைப்போல் ஏறக்குறைய 1,836 மடங்கு கனமுடையது. ஹீலியம் கரு அதனினும் ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். ஆகையால் ஹைட்ரஜன் கரு சற்று அதிகமாக அசைகிறது. இதனைச் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் 4 அன்று, 4.00163. பவுலர் அளந்தது 4.0016. பவுலர் ஒப்புக்கொண்டார். அவர் எறிந்த அம்பே எதிரியின் கோட்டைக்குத் தூணாயிற்று.

அவ்வாண்டின் செப்டம்பரில் வியன்னாவில் கூடிய மாநாடொன்றில், ரதர்போர்டின் மாணவர் ஹெவெஷி, எவன்ஸின் சோதனை முடிவை ஐன்ஸ்டைனிடம் கூறினார். அதைக் கேட்டதும் ஐன்ஸ்டைனின் பெரிய கண்கள் மேலும் பெரிதாயின என்றும், இது மாபெரும் சாதனை என்று அவர் சொன்னார் என்றும் ஹெவெஷி கடிதமெழுதினார்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ரதர்போர்டு, போரின் கையெழுத்துப் பிரதியை வாசித்தவுடனேயே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மேற்படியிலிருந்து புறப்படும் எலக்ட்ரான், எந்தப் படியில் போய் நிற்கப் போகிறோம் என்பதை முன்னமே அறிந்திருந்தாலன்றி, எந்த நிறத்தில் ஒளிவிடுவதென்று எப்படித் தீர்மானிக்கும்? போரிடம் இதற்கு விடை இல்லை. 1917ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், எந்த எலக்ட்ரான் எப்போது இறங்கும் என்று கூற இயலாது, இறங்கும் வாய்ப்பு இவ்வளவு என்றே கூற இயலும் என்று வகுத்துக் காட்டினார். 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர் ஆகியோர் அமைத்த புதிய இயக்கவியல், எலக்ட்ரான் கிரகம்போல் வட்டமிடுகிறது என்ற சித்திரத்தையே நீக்கிவிட்டது. சக்திப் படிகள் நிலைத்தன, இறங்கும்போது ஒளி பிறப்பதும் நிலைத்தது, பாதைகள் மறைந்தன. ஹைட்ரஜன் அணுவில் மேற்படிக்குச் சென்ற எலக்ட்ரான் பெரும்பாலும் விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு, பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் குறிப்பிட்ட ஓர் எலக்ட்ரான் எக்கணத்தில் இறங்கும் என்பதற்கு விதியில்லை. ஐன்ஸ்டைனுக்கு இது கடைசி வரை உவப்பாயில்லை.

வழக்கில் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அக்கோடுகள் அயனியான ஹீலியத்தினுடையவை என்பது சரி. ஆனால் வானத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் இருக்க, அவை பப்பிஸ் விண்மீனைப் போன்ற சிலவற்றில் மட்டும் தோன்றுவானேன்? இதற்கு விடை கல்கத்தாவிலிருந்து வந்தது.

மேகநாத் சாஹா 1893ஆம் ஆண்டில், டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் கிராமத்தில், சிறு கடை வைத்திருந்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். படிப்புக்குப் பிறர் உதவியையும் உதவிச் சம்பளத்தையும் நம்பியே முன்னேறியவர். கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியரானபோது அங்கே போதிய கருவிகள் இல்லை. நீண்ட கட்டுரையொன்றை அமெரிக்க வானியல் இதழுக்கு அனுப்பியபோது, அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தர வேண்டுமென்று கேட்டனர். அத்தொகை அவரிடம் இல்லை. கட்டுரையின் சுருக்கம் மட்டுமே அங்கு வெளிவந்தது. அவரிடம் இருந்தவை நூல்களும், அயல்நாட்டு இதழ்களும், ஜெர்மன் மொழியறிவும். சக மாணவராயிருந்த சத்யேந்திரநாத் போஸுடன் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

சாஹாவை உறுத்திய புதிர் கால்சியத்தைப் பற்றியது. கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பை ஆராய்ந்தால், கால்சியத்தின் இரண்டு ஊதாக் கோடுகள் ஹைட்ரஜனுக்கும் மேலே, மிக உயரத்தில் தெரிகின்றன. நாற்பது மடங்கு எடையுள்ள கால்சியம், எடை குறைந்த ஹைட்ரஜனை முந்திக்கொண்டு மேலே செல்வது எப்படி? மேலும், 4227 ஆங்ஸ்ட்ராமிலுள்ள அதே கால்சியத்தின் மற்றொரு கோடு தாழ்ந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. உயரத்தில் தெரியும் கோடுகள், ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள் என்பதில் சாஹா சாவியைக் கண்டார். சூடேறும்போது அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிவதை, சூடேறும்போது ஒரு கூட்டுப்பொருள் சிதைவதைப் போன்ற இரசாயன நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். வெப்பம் ஏறினால் பிரிவு மிகும். இது எவருக்கும் தோன்றும். அழுத்தம் குறைந்தாலும் பிரிவு மிகும் என்பதே புதிது. சந்தை நெரிசலில் கையை விட்டவர் உடனே வேறொருவர் கையைப் பற்றிவிட முடியும். வெட்டவெளியில் தனியே நிற்பவருக்குத் துணை கிடைப்பது அரிது. சூரியனின் மேல் வளிமண்டலம் அத்தகைய வெட்டவெளி. அங்கே எலக்ட்ரானை இழந்த கால்சியம் வேறோர் எலக்ட்ரானை எளிதில் காண்பதில்லை.

1920ஆம் ஆண்டில் இக்கட்டுரை இங்கிலாந்தில் வெளிவந்தது. அவ்வாண்டே சாஹா லண்டனுக்குச் சென்றார். அங்கே அவரைத் தம் ஆராய்ச்சிச்சாலையில் ஏற்றுக்கொண்டவர், வழக்கில் தோற்ற அதே பவுலர். பல ஆண்டுகளாக விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்திச் சேர்த்துவைத்திருந்த தம் அறிவையெல்லாம் பவுலர் திறந்து கொடுத்தார். கல்கத்தாவில் புத்தகங்களைக் கொண்டு எழுதியதைச் சாஹா அங்கே விரிவாகத் திருத்தியமைத்தார். 1921ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டி அதனை வெளியிட்டது. சிவந்த விண்மீன், மஞ்சள் விண்மீன், வெண்ணிற விண்மீன், நீல விண்மீன் என்று ஹார்வர்டில் வகுத்த வரிசை, முதன்மையாக வெப்பத்தின் வரிசையே என்பது எண்களால் விளங்கியது. ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். வேறெந்தத் தனிமத்துக்கும் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க இவ்வளவு தேவையில்லை. சுமார் 6,000 டிகிரி வெப்பமுள்ள சூரியனின் மேற்பரப்பு அதற்குப் போதாது. பப்பிஸ் விண்மீனின் மேற்பரப்போ ஏறக்குறைய 40,000 டிகிரி. 1896ஆம் ஆண்டில் பிக்கரிங் கண்ட கோடுகள் ஏன் அங்கே தோன்றின என்பதற்கு இதுவே விடை.

லாக்கியரின் பழைய கூற்றொன்றும் இவ்வாறு உயிர் பெற்றது. மிகுந்த வெப்பத்தில் தனிமங்களே சிதைந்து வேறு கோடுகளைத் தருகின்றன என்று அவர் முன்னொரு காலத்தில் வாதிட்டபோது வேதியியலார் நகைத்தனர். அவர் எண்ணியபடி தனிமம் எளிய தனிமங்களாகச் சிதையவில்லை, எலக்ட்ரானை இழந்தது. ஆயினும் வெப்பத்தால் கோடுகள் மாறுகின்றன என்று அவர் கண்டது கண்டதுதான். லாக்கியர் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காலமானார்.

சாஹாவின் சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண், 1925ஆம் ஆண்டில், கோடுகளின் வலிமையிலிருந்து விண்மீன்களில் எத்தனிமம் எவ்வளவு என்று கணக்கிட்டார். கோடு வலிதாக இருப்பதால் பொருளும் மிகுதி என்று கொள்ளக்கூடாது. எலக்ட்ரான் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததும் ஆகும். அதனைக் கழித்துப் பார்த்தபோது, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவு கிடைத்தது. பெரியவரான ஹென்றி ரஸல் இது நடவாதது என்றதால், அம்மையார் தம் ஆய்வேட்டிலேயே இவ்வளவுகள் உண்மையாயிரா என்று எழுதும்படி ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரஸல் தாமே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

சாஹா 1921ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். பின் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பேராசிரியராயிருந்து, 1952ஆம் ஆண்டில் லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1956ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தில்லியில் உயிர்நீத்தார். வழக்குக்குக் காரணமான அந்த விண்மீனை நாம் வெறுங்கண்ணாலேயே காணலாம். மாசி மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே நோக்கினால், அகத்தியர் நட்சத்திரம் தாழ்வாகப் பளிச்சென்று தெரியும். அதற்குக் கிழக்கே, சற்று உயரத்தில், அதனினும் மங்கலாக நீலங்கலந்த வெண்ணிறத்தில் ஒன்று நிற்கும். தில்லியிலிருந்து பார்ப்போருக்கு அது சற்றுத் தாழ்ந்தும், தமிழ்நாட்டில் இருப்போருக்கு நன்கு மேலெழுந்தும் தோன்றும்.